உள்ளானின் கால் எழுத்தும் கைநடுக்கமும்

மாசி மாதத்தில் சுண்டிக்குளம் களப்பின் நீர் வற்றத் தொடங்கும். சேறும் நீரும் கலக்கும் அந்த விளிம்பில் உள்ளான்களும் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக இரைதேடும். வட ஆசியாவின் கோடைநிலங்களிலிருந்து வந்து மழைக்காலத்தை இங்கே கழிக்கும் பறவைகள் அவை. அவற்றுள் ஏதாவதொன்றின் காலில் சின்னஞ்சிறிய பிளாஸ்ரிக் கொடி மாட்டப்பட்டிருக்கக்கூடும். அதிலே சில எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொன்றின் உயரமும் சில மில்லிமீற்றர்தான். பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கிறார்கள். மன்னார்ப் பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வலசைப் பறவைகளுக்கு அடையாளமிட்டு வருகிறார்கள். அந்தக் கால் எழுத்தை வாசிக்க முடிந்தால், இந்தப் பறவை எங்கே, எந்த ஆண்டில் பிடிபட்டது, அதன் பிறகு எத்தனை தடவை கடல் கடந்தது என்றெல்லாம் தெரியவரும். பறவையை மறுபடி வலையில் சிக்கவைக்க வேண்டியதில்லை. ஒரு தெளிவான படம் போதும்.

அந்தத் தெளிவுதான் எளிதில் கிடைப்பதில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. முல்லைத்தீவின் தெற்கு எல்லையில் கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். இரண்டும் பரந்த வெளிகள். மறைந்து நெருங்க மரமில்லை, பற்றையில்லை. ஆள் உருவம் தெரிந்ததுமே கூட்டம் எழுந்துவிடும். இரைதேடும் நேரத்தில் வலசைப் பறவையை எழுப்பிவிடுவது அதன் உடலிலுள்ள கொழுப்பை வீணாக்குவதாகும்; அந்தக் கொழுப்புத்தான் திரும்பிப் போகும் பயணத்துக்கு அது சேர்க்கும் எரிபொருள். ஆகவே தூரத்தில் நிற்பதே முறை.

வன்னியில் தூரத்தில் நிற்க இன்னொரு காரணமும் உண்டு. போர் 2009இல் முடிந்தது. மண்ணுக்குள் புதைந்தவை அன்றோடு முடிந்துவிடவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் முகமாலைப் பகுதி நெடுங்காலம் மிதிவெடிகள் நெருக்கமாக விதைக்கப்பட்ட நிலமாக இருந்தது. கண்ணிவெடிகளுக்கு எதிரான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல்தான் இணைந்தது. சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் எந்தப் பறவைக்காகவும் ஓரடிகூட உள்ளே வைக்கக்கூடாது. பாதையில் நின்றபடியே எட்டிப் பார்க்கும் நீண்ட லென்ஸ் இந்த மண்ணில் ஆடம்பரப் பொருளல்ல.

ஆனால் லென்ஸ் நீளமானால் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது. எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 600 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள லென்ஸை முழுச்சட்டக உணரி கொண்ட கமராவில் பூட்டினால், 100 மீற்றர் தொலைவில் அதற்குத் தெரியும் அகலம் 6 மீற்றர் மட்டுமே. 24 மெகாபிக்சல் கமராவில் அந்த 6 மீற்றர் 6,000 பிக்சல்களாகப் பிரிகிறது. ஆகவே பறவையின் மேல் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு பிக்சல். கோணமாகச் சொன்னால் அது ஓர் ஆரையனின் இலட்சத்தில் ஒரு பங்கு. கமராவும் லென்ஸும் சேர்ந்து அரை மீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால், முன்முனை 5 மைக்றோமீற்றர் அசைந்தாலே அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு தலைமயிரின் தடிப்பு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

கொடி எழுத்தின் உயரம் 4 மில்லிமீற்றர் என்றால், 100 மீற்றரில் அது 4 பிக்சல். எந்தக் கருவியாலும் வாசிக்க முடியாது. 40 மீற்றரில் அதுவே 10 பிக்சலாகிறது. கை ஆடாவிட்டால் வாசிக்கலாம். 5 பிக்சல் ஆடிவிட்டால் எட்டும் ஆறும் ஒன்றாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கெடுப்பது கமரா இடம் பெயர்வதல்ல, திசை திரும்புவதே. கமரா அப்படியே ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் பறவையின் மேலும் படம் ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். அதே ஒரு மில்லிமீற்றர், இரண்டு கைகளுக்கிடையே ஒன்று உயர்ந்து மற்றது தாழ்வதாக அமைந்தால் கதை வேறு. கைகளுக்கிடையே 20 சென்ரிமீற்றர் இருந்தால் லென்ஸ் இருநூறில் ஒரு பங்கு ஆரையன் சரியும். 40 மீற்றரில் அது 20 சென்ரிமீற்றர். பறவை சட்டகத்துக்குள் 500 பிக்சல் தள்ளிப்போய்விடும். நடுக்கத்தை அடக்கும் வழிகள் எல்லாமே, உடல் நிலையானாலும் மொனோபொட் என்ற ஒற்றைக்கால் தாங்கியானாலும் நெல் நிரப்பிய பையானாலும், இந்தச் சுழற்சியில் ஏதோ ஒரு கூறைக் குறிவைப்பவை. எது எந்தக் கூறை நிறுத்துகிறது என்று தெரியாமல் வாங்கிய விலையுயர்ந்த தாங்கியைவிட, தெரிந்து முழங்காலில் ஊன்றிய முழங்கை பயனுள்ளது.

புகைப்படக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதியொன்று உண்டு: குவியத் தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, அதன் தலைகீழைவிடக் குறைவான செக்கனில் படம் எடுக்க வேண்டும். 600 மில்லிமீற்றர் என்றால் 1/600 செக்கன். இந்த விதிக்குள் ஒரு கைநடுக்கத்தின் அளவு ஒளிந்திருக்கிறது. பிலிம் காலத்தில் 0.03 மில்லிமீற்றர் வரை மங்கினால் அச்சிட்ட படத்தில் கண்ணுக்குத் தெரியாது என்று கொண்டார்கள். அதை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், குவியத் தூரம் எதுவானாலும் விடை ஒன்றே: கை செக்கனுக்கு 0.03 ஆரையன், அதாவது ஒன்றே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் திரும்பலாம் என்பது விதியின் அனுமானம். இன்றைய 24 மெகாபிக்சல் உணரியிலோ 0.03 மில்லிமீற்றருக்குள் 5 பிக்சல்கள் அடங்கிவிடுகின்றன. பழைய விதி அனுமதிக்கும் மங்கல்தான் கொடி எழுத்தை அழிக்கும் மங்கல். திரையில் முழு அளவில் பார்க்கிறவர்களுக்கு அந்த விதி போதாது.

உடல் ஏன் ஆடுகிறது? நீட்டிப் பிடித்த கை செக்கனுக்கு 8 முதல் 12 தடவை நுண்ணியதாக நடுங்கும். இது நோயல்ல, எல்லாருக்கும் உள்ளது. தசையை இயக்கும் நரம்புச் செய்திகள் ஒரே சீரான ஓட்டமாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகின்றன. கையோ தன் திணிவோடு தசைகளின் மீள்தன்மையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல், செக்கனுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக இதயத் துடிப்பின் தள்ளல். அதற்கும் மேல், நாலைந்து செக்கனுக்கு ஒருமுறை மூச்சின் ஏற்ற இறக்கம். விடியற்காலையில் குடித்த சாயமும், சாப்பிடாமல் நடந்த நடையும், எதிர்பாராமல் ஒரு கடற்கழுகு எழும்போது வரும் பதற்றமும் இவற்றைக் கூட்டும்.

பாரமான லென்ஸ் இந்த நடுக்கத்தை என்ன செய்கிறது என்பதில் இரண்டு எதிரெதிரான உண்மைகள் இருக்கின்றன. சடத்துவத் திருப்பம் திணிவோடும், அத்திணிவு சுழலும் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடும் கூடும். முன்முனையில் பெரிய கண்ணாடி வில்லை கொண்ட நீண்ட லென்ஸைச் செக்கனுக்குப் பத்துத் தடவை ஆட்டிவைக்கக் கைக்கு வலு போதாது. வேகமான நடுக்கம் அதிலே அடங்கிப்போகும். இதே லென்ஸைத் தூக்கி வைத்திருக்கும் தசைகளோ களைக்கத் தொடங்குகின்றன. களைத்த தசையின் நடுக்கம் வீச்சில் பெரிது. கையில் எடையைக் கூட்டும்போது கையின் இயல்பான ஊசல் மீடிறன் குறைகிறது, நரம்பிலிருந்து வரும் 8 முதல் 12 வரையான மீடிறன் மட்டும் மாறாமல் நிற்கிறது. நடுக்கத்தின் மூலம் எது என்று பிரித்தறிய நரம்பியல் மருத்துவர்கள் இதே சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தத்தில், தூக்கிய முதல் சில செக்கன்களுக்குப் பாரம் உதவுகிறது. ஒரு நிமிடம் கடந்தால் அதுவே கெடுக்கிறது. பறவை அசையும் வரை லென்ஸை மடியில் தாழ்த்தி வைத்திருந்து, தேவையான நொடிக்கு மட்டும் உயர்த்துகிறவர்களின் படங்கள் தெளிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தயாரிப்பாளர்களும் இந்த இழுபறியை அறிந்தவர்கள்தான். 1999இல் வந்த கெனனின் நடுக்கத்தடுப்புள்ள 600 மில்லிமீற்றர் எஃப் 4 லென்ஸ் 5.36 கிலோகிராம் எடையுள்ளது. 2018இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறை 3.05 கிலோகிராம். எடை குறைந்தது மட்டுமல்ல, பாரமான வில்லைகளை முன்பக்கத்திலிருந்து கமராவை நோக்கிப் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். நம்மவர்கள் கையில் அதிகம் காணக்கூடிய வகை இதைவிட மலிவானது: சிக்மா, ராம்ரோன் நிறுவனங்களின் 150–600 சூம் லென்ஸ்கள் ஏறக்குறைய 2 கிலோகிராம். கமராவோடு சேர்த்தால் 3 கிலோகிராம் அளவில் நிற்கும்.

அந்த 3 கிலோவை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக்கூடாது. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், புவியீர்ப்பு மையத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். இரண்டு கைகளுக்கிடையே தூரத்தை 20 சென்ரிமீற்றரிலிருந்து 40 ஆக்கினால், அதே கை அசைவுக்குச் சரிவு பாதியாகும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கண்ணோக்கியைப் புருவத்தோடு அழுத்தினால் தலை மூன்றாவது தாங்கியாகிறது. திரையைப் பார்த்துக் கைகளை நீட்டிப் பிடித்தால் அந்தத் தாங்கி போய்விடும். ஒற்றைக் காலில் மண்டியிடும்போது முழங்கையின் கூர்முனையை முழங்காற்சில்லின் மேல் வைக்கக்கூடாது. எலும்பின் மேல் எலும்பு உருளும். முழங்கைக்குச் சற்று மேலேயுள்ள மேற்கைச் சதையை முழங்காலில் பொருத்தினால் நழுவாது. எல்லாவற்றிலும் உறுதியானது குப்புறப் படுப்பதுதான்: நெஞ்சும் இரண்டு முழங்கைகளும் நிலத்தில், பார்வையும் பறவையின் கண்மட்டத்தில். மூச்சை இழுத்துப் பிடிப்பது உதவாது. வெளியே விட்டபின் உடல் தானாகவே நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில் விரலை அழுத்த வேண்டும். அதைப் பத்துச் செக்கனுக்கு நீட்டினால் நடுக்கம் திரும்பிவிடும்.

தோளைப் பயன்படுத்தும் எண்ணம் புகைப்படத்தின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ழூல் மாரே 1882இல் பறக்கும் பறவைகளை ஆராயத் துப்பாக்கி வடிவில் ஒரு கமரா செய்தார். தோளில் ஊன்றிக் குறிபார்த்தால் செக்கனுக்கு 12 படங்கள் எடுக்கும். பிற்காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் துப்பாக்கிக் கட்டையில் பூட்டிய 300 மில்லிமீற்றர் கமராவையே பெருமளவில் விற்றார்கள். இயக்கவியலாகப் பார்த்தால் அருமையான தீர்வு. வன்னிக் கடற்கரையில் துப்பாக்கி போலத் தோன்றும் எதையும் தோளில் ஏந்தி நிற்பது நல்லதல்ல. நிற்பவருக்கும் சரி, அதைத் தொலைவிலிருந்து காண்கிற ஊரவருக்கும் சரி.

தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியவர்களில் முதன்மையான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தப் பாரத்தோடு வாழ்ந்தவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்திச் செய்த பெரிய கமராவுக்கு 'சூப்பர் பொண்டெரோசா' என்று பெயரிட்டிருந்தார். தானியங்கிக் குவியமோ நடுக்கத்தடுப்போ இல்லாத காலம். தென்னிந்தியக் காடுகளில் அவர் எடுத்த யானைகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் தெளிவு குன்றாமல் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, நடுக்கத்தை அடக்குவதில் கருவியின் பங்கு எவ்வளவு, விலங்கின் அடுத்த அசைவை முன்கூட்டியே அறிந்து காத்திருப்பதன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழாமல் போகாது.

இனி ஒற்றைக்கால் தாங்கி. மொனோபொட் என்பது ஒரு தடிதான், தானாக நிற்காது. அதனால் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் உண்டு. முதற்பயன், பாரம் நிலத்துக்குப் போகிறது, தசை களைப்பதில்லை. இரண்டாவது பயன் கணக்கில் தெரிகிறது. கண்மட்டத்தில் கமரா, 1.5 மீற்றர் கீழே தடியின் பாதம். கைகள் உச்சியை ஒரு மில்லிமீற்றர் முன்னோ பின்னோ தள்ளினால் லென்ஸ் சரிவது ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு ஆரையன். தடியில்லாமல் பிடித்தபோது அது இருநூறில் ஒரு பங்காக இருந்தது. ஏழு மடங்குக்கு மேல் குறைவு.

இந்த ஆதாயம் கமரா தடியோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால்தான். தலைப்பகுதியில் சாய்க்கும் மூட்டைத் தளர்த்திவிட்டுப் படம் எடுத்தால் மேல்கீழ்ச் சரிவு மறுபடி கைகளிடமே வந்துவிடும். தடி வெறும் பாரந்தாங்கி. பறந்து வரும் ஆலாவைத் தொடரும்போது மூட்டு தளர்ந்திருக்கத்தான் வேண்டும். நின்று இரைதேடும் மூக்கனுக்கு இறுக்கிவிட வேண்டும். பூட்டுவதும் லென்ஸின் கழுத்துப்பட்டைப் பாதத்தில்தான். கமராவின் அடியில் பூட்டினால் லென்ஸின் முழுப் பாரமும் மூட்டை முறுக்கிக்கொண்டேயிருக்கும்.

தடியால் முடியாதது ஒன்று உண்டு: தன்னைச் சுற்றியே முறுகுவதை அது தடுக்காது. இடம் வலமாகத் திரும்பும் இந்த அசைவை உடல்தான் நிறுத்த வேண்டும். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, தடியின் பாதத்தைச் சற்று முன்னால் ஊன்றி, அதன்மேல் மெல்லச் சாய்ந்தால் இரண்டு கால்களும் தடியும் முக்கோணமாகின்றன. இடது கையை லென்ஸின் அடியிலிருந்து எடுத்து, அதன் முன்பகுதியின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால் மூட்டுகளிலுள்ள தளர்வு போய்விடும். சுழலுவதற்கும் அந்தக் கை தடையாகிறது. பக்கத்தில் ஒரு பனையோ வேலித்தூணோ நிறுத்திய மோட்டார் சைக்கிளோ இருந்தால், தடியை அதனோடு சேர்த்து உள்ளங்கையால் அணைத்துப் பிடிப்பது எல்லாவற்றிலும் மேல்.

இரணைமடுக் குளக்கட்டு இதற்கு நல்ல இடம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தின் கட்டு இறுகிய மண். தடியின் கூர்முனை பதிந்து நிற்கும். வட்டுவாகல் பாலத்தில் நிலைமை வேறு. நந்திக்கடல் கடலைச் சந்திக்கும் இடத்தைக் கடக்கும் பாலம் அது; இரண்டு பக்கமும் பறவைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வாகனம் ஒன்று ஏறியதும் தளத்தின் அதிர்வு தடி வழியாக நேரே லென்ஸுக்கு ஏறிவிடும். அப்போது தடியைத் தூக்கிவிட்டுக் கையில் ஏந்துவதே நல்லது. உடலின் தசையும் மூட்டும் அந்த அதிர்வில் பெரும்பகுதியை வடித்துவிடும். களப்பின் சேற்றிலோ பாதம் மெல்ல மெல்லப் புதையும். புதைவது படத்தை மங்கலாக்கும் வேகத்தில் நடப்பதில்லை. ஆனால் சட்டகம் தாழ்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்கக் கைகள் தம்மையறியாமல் பாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாதத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பலகைத் துண்டொன்றை வைத்தால் பரப்பு 25 மடங்காகும். சேறு தாங்கிக்கொள்ளும்.

வாகனத்திலிருந்து எடுப்பவர்களுக்கு மொனோபொட்டைவிடப் பயனுள்ளது ஒரு துணிப்பை. வெறும் பையாகக் கொண்டுபோய், போன இடத்தில் இரண்டு கிலோ நெல்லை நிரப்பி யன்னல் விளிம்பில் வைத்தால், லென்ஸின் வடிவுக்கு ஏற்பப் பள்ளமாகி அதை அணைத்துக்கொள்ளும். நெல்மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை வெப்பமாக்கி அழித்துவிடும். மணல் இன்னும் பாரமாக நிற்கும், ஆனால் தையலினூடாகக் கசிந்து லென்ஸின் வளையங்களுக்குள் புகும். உமி எடை காணாது. எஞ்சினை நிறுத்தாமல் இதில் எதைச் செய்தும் பயனில்லை. கமராவின் அடித்திருகில் கயிறு கட்டிக் காலால் மிதித்து மேலே இழுக்கும் உத்தியைப் பலர் சொல்வார்கள். சின்ன லென்ஸுக்கு நல்லது. பாரமான லென்ஸுக்கு அது கையின் சுமையை இன்னும் கூட்டுகிறது.

வலசைப் பறவைகள் நிற்கும் மாதங்கள் வாடைக்காற்றின் மாதங்களும்கூட. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று, வெயில்மறைப்புக் குழலோடு சேர்ந்த லென்ஸின் பக்கவாட்டில் ஏறத்தாழ 200 கிராம் எடைக்குச் சமமான விசையால் தள்ளும். சீராகத் தள்ளினால் பரவாயில்லை. விட்டுவிட்டு வீசுவதால்தான் தொல்லை. தடி தடுக்காத அதே இடவல அசைவைத்தான் காற்றும் தூண்டுகிறது. குழலைக் கழற்றிவிட்டு, காற்றுக்கு முதுகு கொடுத்து அமர்ந்தால் பாதித் தொல்லை தீரும்.

லென்ஸுக்குள்ளேயே இருக்கும் நடுக்கத்தடுப்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், அது மற்றவற்றுக்கு மாற்று அல்ல என்பதே. 1995இல் கெனனின் 75–300 லென்ஸில் மாற்று லென்ஸ் கமராக்களுக்கு முதன்முதலாக வந்த இந்தத் தொழில்நுட்பம், நுண்ணிய சுழல்மானிகளால் கோணவேகத்தை அளந்து, வில்லைக் கூட்டமொன்றை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. நான்கு படி ஆதாயம் என்றால் பதினாறு மடங்கு: 1/600 தேவைப்பட்ட இடத்தில் 1/40 போதும். மொனோபொட்டில் இதை நிறுத்த வேண்டியதில்லை. முறுகும் அசைவு அங்கே மிஞ்சியிருக்கிறதே. பழைய லென்ஸ்கள் சிலவற்றை முக்காலியில் அசையாமல் பூட்டும்போதுதான் நிறுத்த வேண்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அவை தாமே படத்தை அலைக்கும்.

ஆனால் அது பறவையின் அசைவை நிறுத்தாது. சேற்றில் தையல் ஊசி போல் அலகைக் குத்தியெடுக்கும் உள்ளானுக்கு 1/40 செக்கன் நெடுநேரம். எழுத்து காலில்தான் இருக்கிறது, கால் நடந்துகொண்டிருக்கிறது. 1/1600 வேண்டும். எஃப் 6.3 துவாரமுள்ள லென்ஸில், நல்ல வெயிலில் உணரியின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 200 அளவில் வைத்தாலே அது கிடைக்கும். மப்பும் மந்தாரமுமான மார்கழி விடியலில் அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டிவரும். படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் ஏறும். இரைச்சல் ஏறிய எழுத்தை வாசிக்கலாம். இழுபட்ட எழுத்தை எந்த மென்பொருளாலும் நம்பிக்கையோடு மீட்க முடியாது. ஆகவே தயங்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றலாம். ஒரே படமாக எடுக்காமல் தொடர்ச்சியாக எடுப்பதும் வெறும் அதிர்ஷ்டத்தை நம்புவதல்ல. ஊசலாடும் எதுவும் தன் வீச்சின் இரு முனைகளிலும் கணநேரம் நிற்கிறது. செக்கனுக்குப் பத்துத் தடவை நடுங்கும் கைக்கு அப்படிப்பட்ட நிற்குமிடங்கள் இருபது. பத்துப் படங்களில் ஒன்றிரண்டு அங்கே விழும். விரல் அழுத்தும் அதிர்ச்சியில் சிக்கும் முதற்படம் பெரும்பாலும் உதவாது.

காலை ஒன்பது மணிக்கு மேல் வேறொரு தடை எழுகிறது. உப்புப் பூத்த தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று வெவ்வேறு வெப்பநிலைப் பொதிகளாகக் கொதிக்கும். ஒவ்வொரு பொதியும் ஒளியை வெவ்வேறு கோணத்தில் வளைக்கும். ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் நடுப்பகலில் தொலைவிலுள்ள பூநாரைகளின் கால்கள் நெளிவது இதனால்தான். இங்கே முக்காலியும் தோற்கும், நடுக்கத்தடுப்பும் தோற்கும். ஆடுவது கமரா அல்லவே. மிக உறுதியானது என்று மேலே சொன்ன படுத்த நிலைதான் இப்போது மிக மோசமானது, பார்வைக்கோடு சூடான தரையை ஒட்டியே போகிறபடியால். எழுந்து நிற்கலாம், தண்ணீர்ப் பரப்பின் மேலாகப் பார்வைக்கோடு போகும் இடத்துக்கு நகரலாம். எல்லாவற்றிலும் நல்லது, வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுவது.

தன் கை எப்படி ஆடுகிறது என்பதை ஒவ்வொருவரும் வீட்டு முற்றத்திலிருந்தே அளந்து பார்க்கலாம். இருட்டிய பிறகு, இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளி எரியும் ஒரு சின்ன மின்விளக்கை, நடுக்கத்தடுப்பை நிறுத்திவிட்டு, 1/10 செக்கனில் படம் எடுக்க வேண்டும். விளக்கு ஒரு புள்ளியாகப் பதியாது, கோடாகப் பதியும். அந்தக் கோடு கையின் நடுக்கம் தானே வரைந்த படம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் மலிவான எல்ஈடி விளக்குகள் பல செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. அப்படிப்பட்ட விளக்கு என்றால் கோடு துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டும் 1/100 செக்கன். 600 மில்லிமீற்றர் லென்ஸில் ஒரு துண்டு 30 பிக்சல் நீளமிருந்தால், பழைய விதி அனுமானித்த அதே 0.03 ஆரையன் வேகம். 15 பிக்சல் என்றால் கை அதைவிட இருமடங்கு நிதானம். இதையே நின்று கையில் ஏந்தி, மண்டியிட்டு, மொனோபொட்டில், நெல்லுப்பையில் என்று மாற்றி மாற்றி எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த அசைவு மிஞ்சியிருக்கிறது என்பது கோட்டின் வடிவத்திலேயே தெரியும். மொனோபொட் படத்தில் கோடு நெடுக்காக நீண்டால் தலை மூட்டு சரியாக இறுகவில்லை. கிடையாக நீண்டால் தடி முறுகுகிறது. இடது கையை லென்ஸின் மேல் வைத்து அழுத்தி, கால்களை இன்னும் சற்று விரித்து, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.